கரிசலுக்கு வந்த காலக்கெடு

புரட்டாசி பிற்பகுதியில் கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் ஆயத்தமாகக் காத்திருக்கும். கோடை மழை ஈரத்திலேயே உழுது போட்டு, விதையையும் உரத்தையும் வீட்டில் இருப்பு வைத்துக்கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்காக உழவர்கள் வானத்தைப் பார்த்திருக்கும் நாள்கள் அவை. மானாவாரி வேளாண்மையில் விதைப்பு ஒரு வாரம் பிந்தினாலும் உளுந்தும் பாசியும் அதை விளைச்சலில் காட்டிவிடும். கடந்த ஆண்டு அதே நாள்களில், 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தீபாவளிக்கு அப்போது ஆறு நாள்களே இருந்தன.

இந்த இரண்டு காலக்கெடுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அந்த வாரத்தில் ஒரு சான்றிதழ் வேலையாக எங்கள் பகுதி இ-சேவை மையம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அதை நடத்துபவர் ஓர் இளம்பெண். அடங்கல் நகலும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கையில் வைத்துக்கொண்டு உழவர்கள் காத்திருந்தனர். சிலர் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய வந்தவர்கள், சிலர் பி.எம்.கிசான் உதவித்தொகைக்காகக் கைரேகை வைக்க வந்தவர்கள். மையத்தில் இரண்டு கணினிகள். இரண்டும் பெருநகர நிறுவனங்கள் கழித்துவிட்டவை, இரண்டாம் கையாக வாங்கப்பட்டவை. ஒன்றின் திரையில், இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறவில்லை என்ற அறிவிப்பு நின்றது. “சார், நாளையிலிருந்து இது ஓடாதா?” என்று கேட்டார் அவர்.

ஓடும். இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நின்றுபோனது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. அதன் பொருளை உணர 2017 மே மாதத்தை நினைவுகூர வேண்டும். ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டி, மீட்புப் பணம் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் அது நிறுவப்பட்டிருக்கவில்லை. திருத்தம் இருந்தும் நிறுவாதவர் நிலை அது. இனித் திருத்தமே வராது என்றால், பிறரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் நாள்தோறும் கடந்துபோகும் ஒரு கணினியின் நிலை என்ன?

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். பத்தாண்டு ஆதரவு குறைவான காலமன்று. என் குறை வேறு. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதையும் கேட்கிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். ஆக, மென்பொருளை மாற்றுங்கள் என்று தொடங்கும் அறிவுரை, பலருக்குக் கணினியையே மாற்றுங்கள் என்றுதான் முடிகிறது.

வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் அனுமதிக்கப்படுகிறது. ரூ.30,000-க்கு வாங்கிய கணினியின் மதிப்பு எட்டு ஆண்டுகளில் கணக்கேட்டில் ஏறத்தாழ ரூ.500-ஆகச் சுருங்கிவிடும். அந்த நிலையில்தான் அது பெருநகர அலுவலகத்திலிருந்து விடைபெற்று நம் ஊருக்கு வருகிறது. வந்தபின் தீப்பெட்டி ஆலையின் ரசீதையும், கடலை மிட்டாய்க் கடையின் ஜிஎஸ்டி கணக்கையும், உழவரின் காப்பீட்டு விண்ணப்பத்தையும் சுமந்து இன்னும் ஆறேழு ஆண்டுகள் உழைக்கிறது. கணக்கேட்டு மதிப்புக்கும் பயன்பாட்டு மதிப்புக்கும் இடையேயான அந்த இடைவெளியில்தான் எங்கள் சிறுநகரப் பொருளாதாரம் நடக்கிறது. இந்தக் காலக்கெடு அழித்தது அந்த இடைவெளியைத்தான். 24 கோடிக் கணினிகள் இதனால் மின்குப்பையாகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-இலேயே மதிப்பிட்டது.

நீட்டிப்புக்கு வைத்த விலையைப் பாருங்கள். தனிநபருக்கு ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, 30 டாலர். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்டின் மேகச் சேமிப்பில் ஒத்திசைத்தால் கட்டணமில்லை. வணிக நிறுவனங்களுக்கு முதலாண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. கல்வி நிறுவனங்களுக்கோ முறையே ஒன்று, இரண்டு, நான்கு டாலர். திருத்தம் ஒன்றுதான், அதைத் தயாரிக்கும் செலவும் ஒன்றுதான். வாங்குபவரின் சக்திக்கேற்ப விலையை மாற்றுவதை வகுப்பறையில் விலை வேறுபடுத்தல் என்று முப்பது ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு துலக்கமான எடுத்துக்காட்டு அன்று கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் இரட்டிக்கும் கட்டணத்தின் நோக்கம் வருவாயைவிட, வாடிக்கையாளரைப் புதுக் கணினியின் பக்கம் தள்ளுவதே என்று கருதுகிறேன்.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய மாணவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அந்த மையத்துக்குப் போனேன். முதல் கணினி எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. அதற்குத் தகுதியில்லை என்று திரை சொன்னதற்குக் காரணம், டிபிஎம் வசதி கணினியின் அடிப்படை அமைப்பில் அணைக்கப்பட்டிருந்தது மட்டுமே. இயக்கியவுடன் அறிவிப்பு மறைந்தது. இதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை கணினிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயினவோ!

ஆனால், உடனே மேம்படுத்திவிடவில்லை. கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்தோம். திறந்து பார்க்காத நகலை நகலாகக் கொள்ள முடியாது. பிட்லாக்கர் பூட்டின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிவைத்தோம். மேம்படுத்தலின் நடுவே கணினி அதைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால் தரவு முழுவதும் கைவிட்டுப் போகும். வன்தட்டில் தேவையற்றதை நீக்கி இடம் ஒழித்தோம். கைரேகைக் கருவிக்கும் அச்சுப்பொறிக்கும் புதிய பதிப்புக்கான மென்பொருள் உண்டா என்று முன்னதாகவே பார்த்து இறக்கிவைத்தோம். மின்தடையை எண்ணி யுபிஎஸ் மின்கலத்தைச் சோதித்தோம். பழைய பதிப்புக்குத் திரும்பப் பத்து நாள் அவகாசம் உண்டு என்பதால், அந்தப் பத்து நாளில் எல்லா வகை வேலையையும் ஒருமுறை செய்து பார்க்கும்படி அவரிடம் சொன்னேன். மேம்படுத்தல் சில மணி நேரத்தில் முடிந்தது. ஆயத்தத்துக்குத்தான் பகல் முழுவதும் ஆயிற்று.

இந்த எச்சரிக்கை எனக்குப் பட்டுத் தெரிந்தது. கோவில்பட்டி, கழுகுமலைப் பகுதித் தீப்பெட்டித் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றிய என் களஆய்வுக் குறிப்புகளைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபோதும் அவற்றை மாற்றிக்கொள்ளச் சோம்பல். பிறகு ஒருநாள் கணினியை மாற்றினேன். கோப்புகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கிறுக்கல். அந்த எழுத்துருவின் நிறுவல் தட்டு எங்கும் அகப்படவில்லை. எழுத்துமாற்றிகளைக் கொண்டு பெரும்பகுதியை மீட்டேன். அட்டவணைகள் சில இன்றும் கிறுக்கலாகவே கிடக்கின்றன. ஆவண எழுத்தர்களும் தட்டச்சு நிலையத்தாரும் பத்திரங்களை இன்னும் பழைய எழுத்துருக்களில் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அவர்கள் முதலில் செய்ய வேண்டிய ஆயத்தம் யூனிகோடுக்கு மாறுவதே.

ஒரு மையத்துக்கு ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் என்பது திட்டமாகாது. அரசுக்கு இதில் முன்அனுபவம் உண்டு. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தியதோடு சரி, கூடவே நின்று பழக்க ஆள் இருந்தால்தான் அது வேரூன்றியிருக்கும். அண்டை மாநிலமான கேரளம் பள்ளிக்கூடங்களைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியபோது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்துத் தனக்கென ஓர் இயங்குதளப் பதிப்பையும் பேணிவந்தது. அங்கே அது நிலைத்ததற்கு அந்த ஆள்பலமே காரணம் என்பேன். புதிய விதை ரகத்தைச் சிற்றூர்வரை கொண்டுசெல்ல வேளாண் விரிவாக்கப் பணியாளர்களை வைத்திருக்கும் நமக்கு, இந்த ஏற்பாடு புதிதன்று.

கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மடிக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இத்தகைய கொள்முதலில் உத்தரவாதக் காலத்தைக் கேட்கும் நாம், இயங்குதள ஆதரவு எந்த ஆண்டுவரை என்பதையும் ஒப்பந்தப் புள்ளியிலேயே கேட்க வேண்டும். அரசுச் சேவைகளுக்குக் கட்டாயமாக்கப்படும் கைரேகைக் கருவிகள் லினக்ஸிலும் இயங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டும். இப்போது பல கருவிகளுக்கான மென்பொருள் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மட்டுமே கிடைக்கிறது.

கடைசியாகச் சொன்னது ஏட்டளவிலான குறையன்று. அந்த மையத்தின் இரண்டாம் கணினி ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. புதியது வாங்கப் பணமில்லாததால் அதில் லினக்ஸை நிறுவிக் கொடுத்தோம். இணைய விண்ணப்பங்களை நிரப்பவும், அச்செடுக்கவும், தமிழில் தட்டச்சு செய்யவும் அது தடையின்றி உதவுகிறது. கைரேகைக் கருவி மட்டும் அதில் வேலை செய்யவில்லை. என் வீட்டுக் கணினியும் அதே தலைமுறைதான். நீட்டிப்பில் ஓடுகிறது, அக்டோபர் 13 வரை. அதுவும் புரட்டாசிக் கடைசிதான். விரலை நீட்டிக்கொண்டு உழவர்கள் அந்த மையத்துக்கு வரும்போது, இரண்டு கணினி இருந்தும் வரிசை ஒன்றின் முன்னால்தான் நிற்கும்.