நட்சத்திரம் கொடுத்தது யார்?

மெக்சிகோ சிட்டியில் 'எல் கலிஃபா தே லியோன்' என்றொரு சின்ன டாகோ கடை. 1968இல் தொடங்கியது. சோள ரொட்டியில் சுட்ட இறைச்சி, நான்கே வகை. நின்றுதான் சாப்பிட வேண்டும். 2024இல் மிச்செலின் நட்சத்திரம் கிடைத்ததும் வெளிநாட்டாரும் வரிசையில் நிற்கிறார்கள்.

ஆனால் அதுவரை அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கடையை வாழவைத்தது வழமையான வாடிக்கையாளர்கள். திரும்பத் திரும்ப வந்ததுதான் அவர்களின் அபிப்பிராயம்.

ஒரு நாள் வந்துபோகும் அதிகாரியின் அறிக்கையும், மூன்று பிள்ளைகளையும் நம்பி அனுப்பிய பெற்றோரின் சொல்லும் ஒன்றல்ல. ஆசிரியர்களுக்கு இது தெரியும்.

நம்மூர்க் கடையில் ஒரு நாள் உப்புக் கூடினால் உடனே போனில் ஒற்றை நட்சத்திரம் போடுகிறோம். அது ஒரு குடும்பத்தின் வருமானம். குறையை முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் ஊருக்கே சொல்லுங்கள்.