நிலவிலிருந்து வந்த நெஞ்சுத் துடிப்பு

போன சித்திரையில் எங்கள் வீட்டில் வளைகாப்பு. சமையல் முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவள் என் ஓரகத்தி. மத்தியானம் அப்பளம் பொரித்துக் கொண்டிருந்தவள் திடீரென்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி?" என்று ஓடினேன். "ஒண்ணுமில்லேக்கா, கெண்டைக்கால் இழுக்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இதோ சரியாயிடும்" என்றாள். காலையிலிருந்து அரை டம்ளர் காப்பிதான் உள்ளே போயிருக்கிறது!

அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தபோது, சந்திரனுக்குப் போய் வந்த ஒருவரின் ஞாபகம் வந்தது எனக்கு. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

1971 ஜூலை 26 அன்று புறப்பட்டது அப்போலோ-15. டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலவில் இறங்கி, மூன்று தடவை வெளியே போய், மொத்தம் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் உழைத்தார்கள். இர்வினின் உடைக்குள் இருந்த தண்ணீர்ப் பை வேலை செய்யவில்லை. வெளியே இருந்த மணிக்கணக்கான நேரமும் நாக்கு வறள வறள வேலை பார்த்தார் மனிதர்.

ஈ.சி.ஜி. எடுக்கும்போது நம் மார்பில் ஒட்டுகிறார்களே, அதே போன்ற வில்லைகள் அவர்கள் உடம்பிலும் உண்டு. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் எழும் மெல்லிய மின்சாரத்தை அவை பிடித்துக் கொடுக்க, ரேடியோ அதைப் பூமிக்கு அனுப்பும். ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தூரம். ஒன்றேகால் விநாடியில் ஹூஸ்டனில் வந்துவிடும்!

நிலவை விட்டுக் கிளம்பிய பிறகு, இர்வினின் துடிப்பு தாளம் தப்பியதை அங்கிருந்த டாக்டர்கள் பார்த்தார்கள். ஒழுங்கான துடிப்பு ஒன்று, அதை ஒட்டியே அவசரத் துடிப்பு ஒன்று என்று இரண்டிரண்டாக அடித்தது. ஆனால் அப்போது அதை அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தபின் பரிசோதித்ததில், இருவர் உடலிலும் பொட்டாசியம் என்ற உப்பு குறைந்திருந்தது. அடுத்து, 1972 ஏப்ரலில் போன அப்போலோ-16 வீரர்களுக்குப் பொட்டாசியம் சேர்த்த ஆரஞ்சு ரசம் கொடுத்து அனுப்பினார்கள்.

இர்வினுக்கு 1973-ல் மாரடைப்பு வந்தது. 1991-ல் மாரடைப்பிலேயே காலமானார். நிலவுப் பயணம்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. அவருக்கு முன்பே இதய ரத்தக் குழாயில் கோளாறு இருந்திருக்கலாம்.

இன்று கைக்கடிகாரமே துடிப்பை எண்ணுகிறது. 1998-ல், தம் 77-வது வயதில் விண்வெளிக்குப் போன ஜான் கிளென், உடலின் உட்சூட்டை ரேடியோவில் சொல்லும் மாத்திரையையே விழுங்கினார். இத்தனை இருந்தும், செய்தி வந்தால் போதுமா? அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாமா?

என் ஓரகத்தி கதைக்கு வருகிறேன். மறுநாள் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தத்துக்காக அவள் சாப்பிட்டு வந்தது, சிறுநீரை அதிகம் பிரியச் செய்யும் மாத்திரை. அதோடு பொட்டாசியமும் போய்க் கொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார். இரண்டு வாரமாகவே கால் இழுத்ததாம். "கல்யாண வேலை மாதிரி இருக்கிற வீட்ல இதைப் போய் எப்படிக்கா சொல்றது?" என்கிறாள்!

சகோதரிகளே, வெயில் காலத்தில் அடுப்படியில் நிற்கும்போது, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மோர், இளநீர், வாழைப்பழம் நல்லது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரும் பழமும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும். பேதியானால் உப்பு–சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பொட்டாசியம் மாத்திரையை நீங்களாக வாங்கவும் வாங்காதீர்கள். படபடப்போடு மார்வலியோ மயக்கமோ வந்தால், உடனே ஆஸ்பத்திரிதான்.

நிலவில் இருந்தவருக்குத் தம் நெஞ்சு தாளம் தப்பியதை யாரும் சொல்லவில்லை. நமக்கோ நம் நெஞ்சே சொல்கிறது. "ஒண்ணுமில்லே" என்று அதன் வாயை நாமே அடைக்கலாமா?