குழந்தையும் விளையாட்டுப் பொருளும்

வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகளிலும் புறக்கோட்டை நடைபாதைகளிலும் விளையாட்டுப் பொருள்கள் மலைபோற் குவிந்து கிடக்கின்றன. விசையை அழுத்தினாற் பாடும் பொம்மை, தானே சுழன்றோடும் மோட்டார் வண்டி, ஒளி வீசும் துப்பாக்கி எனப் பலவகை. பிறந்தநாளன்று இவற்றுள் ஒன்று வீட்டுக்கு வருகின்றது. ஒரு கிழமை கழியுமுன் கட்டிலின் கீழ் ஒதுங்குகின்றது. பிள்ளைக்கு நிலைத்த மனமில்லையெனப் பெற்றோர் குறை கூறுவர். குறை பிள்ளையிடத்ததன்று, பொருளிடத்தது என்பதே எமது கருத்து.

எல்லாவற்றையும் பொம்மையே செய்துவிடுமாயின், பிள்ளைக்கு எஞ்சுவது பார்த்திருத்தல் ஒன்றே. மாறாக, நாலைந்து மரக்கட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள். காலையிற் கோயிற் கோபுரமாய் நின்றவை மாலையிற் கோட்டைப் புகையிரத நிலையமாய் மாறும். பொருள் செய்யாது விட்டதைப் பிள்ளையின் கற்பனை செய்கின்றது. ஆதலின், தான் குறைவாகச் செய்து பிள்ளையை மிகுதியாகச் செய்விப்பதே நல்ல விளையாட்டுப் பொருளாம்.

இது புதுக்கருத்தன்று. பட்டினப்பாலையிற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் சிறுதேர் மூன்று உருளைகளை உடையது, குதிரை பூட்டப்படாதது, சிறுவர் தாமே உருட்டியது. யாழ்ப்பாணத்துச் சிறுவர் பனங்காயைச் சில்லாக்கி ஓட்டிய வண்டியும் அதன் இனத்ததே. ஜேர்மனியில் 1840இல் முதலாவது ‘கிண்டர்கார்ட்டி’னைத் தொடக்கிய பிரோபெல், பந்தையும் மரக்கட்டைகளையுமே குழந்தைக்கேற்ற கொடைகளாகக் கொண்டார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்திய மொண்டிசோரி அம்மையார், கையால் தொட்டும் அடுக்கியும் பொருத்தியும் கற்பதை வற்புறுத்தினார். பாலர் பாடசாலைகளுக்கு அவர் பெயரைச் சூட்டி மகிழும் நாம், அவர் கொள்கையை வீட்டிற் கைக்கொள்கின்றோமா?

மரம் நன்று, பிளாஸ்டிக் தீது என்று யாம் கூற வரவில்லை. டென்மார்க்கில் ஒரு தச்சர் 1932இல் மரப்பொம்மைகளுடன் தொடங்கிய தொழிலே பின்னர் லெகோ எனப் புகழ்பெற்றது. அந்நிறுவனத்தின் 1958ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கட்டைகள் இன்று வாங்கும் கட்டைகளுடனும் பொருந்துகின்றன. பாட்டனார் அடுக்கியவற்றின்மேற் பேரன் அடுக்கலாம். நிலைபேறு என்பது இதுவன்றோ?

வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். மின்கலமின்றியும் இதனைக்கொண்டு விளையாடலாமா? முறிந்தால் திருத்தலாமா? தம்பி தங்கையர்க்கும் உதவுமா? விழுங்கத்தக்க சிறுதுண்டுகளும், பொத்தான் வடிவ மின்கலங்களும், ஈயங் கலந்த வண்ணப்பூச்சும் உள்ளனவற்றை விலக்குதல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடிகளில் வளரும் பிள்ளைகளுக்கு முற்றமில்லை, மணலில்லை, ஏற மரமில்லை. அவர்களுக்கு விளையாட்டுப் பொருளே முற்றமாகின்றது. அதனையும் வெறுங் காட்சிப் பொருளாக்கிவிட்டால், தாமாக ஒன்றைச் செய்து மகிழும் வாய்ப்பினை அவர்கள் எங்ஙனம் பெறுவர்?

பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர், பாட்டனார். கடல்கடந்து வாழ்வோர் ஆண்டுதோறும் பரிசுப் பெட்டிகள் அனுப்புகின்றனர். அன்பர்காள், பத்துக்குப் பதிலாக ஒன்று வாங்குங்கள். அவ்வொன்றை நன்றாக வாங்குங்கள். உங்கள் பிள்ளைகள் வளர்ந்து கழித்த கட்டைகளையும் பந்துகளையும் துடைத்துச் செப்பனிட்டு அயலிலுள்ள பாலர் பாடசாலைக்குக் கொடுங்கள். இன்னொரு பிள்ளையின் கையிற் சென்று அவை மீண்டும் கோபுரமாகட்டும்.