கேம்ப்பும் கேம்பஸும்

மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்னும் பெயரில் உள்ள ‘லேபர்’, ‘கேம்ப்’ இரண்டும் இலத்தீன் வழி வந்த சொற்கள். ‘லாபோர்’ உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே குறித்தது. நம் ‘பாடு’ என்ற சொல்லைப் போல. ‘காம்புஸ்’ என்பது திறந்தவெளி. அந்த ஒரே வேரிலிருந்து ஆங்கிலத்தில் இரு கிளைகள் பிரிந்தன. படை தங்கும் ‘கேம்ப்’ பின்னர் அகதிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் உரிய இடமாயிற்று. ‘கேம்பஸ்’ 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கல்லூரி வெளியைக் குறித்து, பிறகு பல்கலைக்கழக வளாகமாயிற்று. இன்று கேம்பஸில் அமர்ந்து கேம்ப்பை ஆய்கிறோம்.

இத்தகைய மாற்றங்களை உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என்று வகைப்படுத்துவதோடு பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. ஏறுவதும் இறங்குவதும் சொல்லின் இயல்பு என்ற எண்ணமே மாணவர் மனத்தில் பதிகிறது. ‘வில்லா’ பண்ணை வீடு. அதில் பாடுபட்டவன் பிற்கால இலத்தீனில் ‘வில்லானுஸ்’. வீடு செல்வர் மாளிகையாக உயர்ந்தது. உழைத்தவன் ‘வில்லன்’ ஆனான். தமிழில் ‘சேரி’க்கு நேர்ந்ததும் இதுவே. பராந்தகச் சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) அந்தணர் ஊரின் பகுதிகளையே சேரி என்கிறது. அச்சொல்லை இழிவாக்கியது காலமன்று, சாதி.

பழம்பொருளே மெய்ப்பொருள் என்பது என் வாதமன்று. பொருளை மாற்றியவர் யார், அதனால் பயன்பெற்றவர் யார் என்று கேட்பதும் சொல்லாய்வின் கடமை என்கிறேன். கீழிருந்தும் அம்மாற்றம் நிகழ்வதுண்டு. அண்ணாபாவ் சாட்டே வாழ்ந்து எழுதிய இடம் லேபர் கேம்ப். அவர்போன்ற பாடகர்களால் அப்பெயர் தொழிலாளர் இயக்கத்தின் முகவரியுமாயிற்று.

இன்று தாராவி மறுசீரமைப்பில் இரு இலத்தீன் வழிச் சொற்கள் மனிதர்களைப் பிரிக்கின்றன. ‘ரிஹாபிலிடேஷன்’ இழந்த தகுதியையும் உரிமையையும் மீட்டளிப்பதைக் குறித்தது. ‘எலிஜிபிள்’ என்றால் தேர்ந்தெடுக்கத் தக்கவர். 2000 ஜனவரி 1 என்ற வரம்புநாளுக்குள் தரைத்தளத்தில் குடியேறியதை ஆவணத்தால் நிறுவுபவருக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின்வந்தவருக்கும் மாடியில் வாழ்பவருக்கும் அந்த உரிமை இல்லை. தாராவிக்கு வெளியேதான் இடம். பாடு எல்லோருக்கும் ஒன்று. தகுதி மட்டும் தேதியைப் பொறுத்தது.

நம் கண்முன்னே பொருள் மாறும் சொற்கள் இவை. அகராதியில் ஏறும்வரை காத்திராமல், இப்போதே இவற்றைப் பதிவு செய்ய வேண்டியது கேம்பஸின் பொறுப்பு.