தென்னங்கன்று வாங்கப் போகிறீர்களா?

"தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பது பழமொழி. தென்னை, வைத்தவருக்கே பலன் கொடுக்கும். ஆனால் நல்ல கன்றாக இருந்தால்தான்!

கத்தரி விதை மோசமானால் சில மாதங்களில் தெரிந்துவிடும். பிடுங்கிப் போட்டு வேறு நடலாம். தென்னை அப்படி அல்ல. ஏமாந்தது தெரிய ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். கைக்குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். அத்தனை நாள் ஊற்றிய தண்ணீர் வீண்.

ஆகவே, "சீக்கிரம் காய்க்கும்" என்ற ஒரு சொல்லை நம்பி, தெருவில் வண்டியில் வரும் கன்றை வாங்காதீர்கள். விலையைக் கேட்கும் முன், "என்ன ரகம்?" என்று கேளுங்கள்.

தென்னையில் நெட்டை, குட்டை என்று இரண்டு உண்டு. இரண்டும் சேர்ந்த ஒட்டு மூன்றாவது.

நெட்டை காய்க்க 6 அல்லது 7 ஆண்டு ஆகும். ஆனால் 60 ஆண்டுக்கு மேல் வாழும். பருப்பு கனமாக இருக்கும். எண்ணெயும் அதிகம். வறட்சியை ஓரளவு தாங்கும்.

குட்டை 3 அல்லது 4 ஆண்டில் காய்க்கும். இளநீருக்கு அருமையானது. சாவக்காடு ஆரஞ்சுக் குட்டை இதில் பெயர் பெற்றது. ஆனால் எண்ணெய் குறைவு. தண்ணீர் இல்லாவிட்டால் வாடும். வண்டுத் தொல்லையும் அதிகம்.

ஒட்டுத் தென்னை நம் நாட்டில் பிறந்தது. அப்போதைய சென்னை மாகாணத்து நீலேஸ்வரத்தில், 1932-ல் டாக்டர் பட்டேல் நெட்டையையும் குட்டையையும் சேர்த்தார். இந்த ஒட்டு மரம் நெட்டைக்கு முந்திக் காய்க்கும், நிறையக் காய்க்கும். ஆனால் தண்ணீரும் உரமும் தவறாமல் வேண்டும்.

இதில்தான் ஏமாற்று நடக்கிறது. ஒட்டு மரத்துக் காயை முளைக்கப் போட்டு, "ஒட்டுக் கன்று" என்று விற்கிறார்கள். அது தாய் மரம் போல வராது. ஒன்று நெட்டையாகும், ஒன்று குட்டையாகும். ஒன்று காய்க்கும், ஒன்று ஏய்க்கும்!

என் கருத்து இதுதான். சமையலுக்காக ஒரே மரம் வைக்கும் குடும்பம் நெட்டையை வைக்கட்டும். மரம் ஏற ஆள் கிடைக்காத வீட்டில், இளநீர் போதும் என்றால் குட்டை வைக்கலாம். ஒட்டு வேண்டுமானால் அரசு நாற்றுப் பண்ணையில் மட்டும் வாங்குங்கள்.

எந்த ரகமானாலும் கன்றுக்கு 9 முதல் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆறு இலையாவது இருக்க வேண்டும். அடிப்பாகம் பருத்திருக்க வேண்டும். மரத்துக்கு மரம் 25 அடி விடுங்கள். சுவரை ஒட்டி நடாதீர்கள்.

ஒரு சேலை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். அறுபது ஆண்டு நம் வீட்டில் நிற்கப் போகும் மரத்துக்கு ஒரு கேள்வி கேட்கக் கூடாதா?