லயம் என்பது முகவரி ஆகாது

ஆங்கிலத்தில் 'லைன்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. நான்காம் தரப் பிள்ளையைக் கேட்டாலும் 'கோடு' என்று அர்த்தம் சொல்லும். ஆனால் அந்தச் சொல் கோட்டோடு நிற்பதில்லை. எழுதும் வரியும் லைன்தான், துணி காயப்போடும் கொடியும் லைன்தான். தூண்டில் நூல், ரயில் பாதை, கரண்டுக் கம்பி எல்லாம் லைன். டெலிபோன் எடுக்காவிட்டால் 'லைன் கிடைக்கல' என்கிறோம். பொடியன் ஒருத்தன் பிள்ளை பின்னால் சுற்றினால் அதற்குப் பெயரும் லைன்தான். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது 'ஒன்லைன்' என்று இன்னொன்று வந்தது. சிக்னல் தேடி நம் பிள்ளைகள் மலை உச்சி ஏறியதை மறந்துவிடவில்லை.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்த சொல் அது. 'லினன்' துணியும் அதே வேரில் வந்ததுதான். நூலைப் பிடித்து நேர்கோடு போட்டார்கள், நூலே கோடானது. கோட்டில் நிறுத்தியதெல்லாம் லைன் ஆனது. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாய்களின் குடிசைகளை வரிசையாகப் போட்டு, அதற்கும் 'லைன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். இந்திய நகரங்களில் 'பொலிஸ் லைன்ஸ்' இன்றும் உண்டு. டில்லியில் 'சிவில் லைன்ஸ்' என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இருந்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள், வீடுகள் தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். சொல் ஒன்றுதான். துரைக்கு அது பங்களாத் தெருவானது, நமக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையானது.

'லயம்' என்று நாம் சொல்வது அந்த லைன்தான். நம் வாய்க்கு ஏற்றபடி மாறியதால் பலர் அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைக்கிறார்கள். தமிழில் லயம் என்றால் தாளம். பாட்டுக்கு இருக்கும் லயம் இந்தக் கூரைக்குக் கீழே எப்போதாவது இருந்திருக்கிறதா? 'காம்பிரா'வும் நம்முடையதல்ல, அறைக்குப் போர்த்துக்கேயர் சொன்ன சொல். லயக் காம்பிரா என்னும்போது ஒன்று ஆங்கிலம், ஒன்று போர்த்துக்கேயம். இரண்டில் ஒன்றுகூட 'வீடு' என்று சொல்லவில்லை.

இது தற்செயல் அல்ல. கோப்பிக் காலத்தில் ஆள் கட்டி அழைத்துவந்தபோது, வந்தவர்கள் வேலை முடிந்ததும் திரும்பிப் போவார்கள் என்றுதான் கணக்குப் போட்டார்கள். 1867இல் லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார். அதே 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் லைன் திறந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தபின் வேலை வருஷம் முழுதும் என்றாகிவிட்டது. ஆட்கள் திரும்பிப் போகவில்லை, தங்கிவிட்டார்கள். ரயில் லைன் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் நீண்டது. நம்முடைய லைன் மட்டும் ஓர் அடிகூட நீளவில்லை. ஒற்றை லயம், முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம் என்று, பெரட்டுக்கு ஆள் பிடிக்க வசதியாகக் கட்டியது கட்டியபடியே நின்றது.

'பெயரில் என்ன இருக்கிறது, கூரை ஒழுகுது, அதைப் பேசுங்கள்' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூரை ஏன் ஒழுகுகிறது என்று தேடிப்போனால் இந்தச் சொல்லில்தான் வந்து முட்டுகிறோம். லயம் என்பது ஸ்டோரைப் போல, கொழுந்து மடுவத்தைப் போல, தோட்டத்தின் சொத்து. குடியிருப்பவருக்கு அதில் உரிமை இல்லை. ஓர் அறை கூட்டிக் கட்டவும் அனுமதி கேட்க வேண்டும். வீட்டில் யாரும் தோட்டத்தில் பேர் போடாவிட்டால், பென்சன் வாங்கிய தாத்தாவுக்கும் 'காம்பிராவை விடு' என்று மிரட்டல் வருகிறது. வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும், ஆனால் குடியிருப்பையே கடிவாளமாகப் பிடித்திருக்கிறார்கள்.

அரசாங்கமும் நீண்டகாலம் அப்படித்தான் பார்த்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தடையாக நின்றதால், நாம் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த சபை நம் லயத்து வீதிக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பக்கத்துக் கிராமத்துக்கு வீதியும் விளக்கும் வந்தபோது, நாம் 'தனியார் தோட்டத்து லைனில்' இருந்ததால் வெளியே நின்றோம்.

முகவரியைப் பாருங்கள். பெயர், தோட்டம், மேக்கணக்கா பணியக்கணக்கா, அதோடு முடிந்தது. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடிதம் யாருக்கு? கடிதப் பை தோட்டத்து ஒபிசுக்குப் போகிறது, அங்கிருந்து யார் கையில் எப்போது வரும் என்பதற்குக் கணக்கில்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்தபின் வந்து வேலை இழந்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். வங்கியில் கடன் கேட்டால் காணி உறுதி கேட்கிறார்கள். லயத்துக்கு ஏது உறுதி?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. இடம் ஆபத்து என்று தெரிந்தாலும் சொந்தக் காணி இல்லாதவன் எங்கே போவான்? மழை பலத்தால் மடுவத்திலும் பாடசாலையிலும் ஒதுங்குகிறோம், வெயில் வந்ததும் அதே லயத்துக்குத் திரும்புகிறோம்.

மாற்றம் வரவே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கோரிக்கை அரசாங்கத்தின் கொள்கையானது. இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகள் என்று தொடங்கி, 2017 மே மாதம் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் மேலும் பத்தாயிரம் அறிவித்தார். ஆனால் லயங்களில் இன்னும் இருக்கும் குடும்பங்களை எண்ணினால் இது தொடக்கம்தான். வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். உறுதி இல்லாத வீடு, சுவர் தள்ளி நிற்கும் லயம், அவ்வளவுதான்.

ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். 'இனி லயம் இல்லை, எல்லாம் கிராமம்' என்று பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டு, கூரைத் தகரமும் தண்ணீர்க் குழாயும் எங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி கைகழுவப் பார்க்கலாம். உறுதி நம் கைக்கு வரும் வரை லயத்தைத் திருத்துவது சொத்துக்காரரின் கடமை. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கமும் வீதிப் பெயரும் உள்ள தனி முகவரி, கடிதம் நேரே வாசலுக்கு. கட்டிய வீட்டுக்கும் கட்டப்போகும் வீட்டுக்கும் காணி உறுதி, அதில் பெண்களின் பெயரும் சேர்த்து. நிர்வாகத்தில் வேலை செய்கிறோமா இல்லையா என்பதோடு குடியிருப்பை முடிச்சுப் போடாத சட்டம்.

இதைத் தோட்டக் கமிட்டிகளும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், யாரிடம் உறுதி இருக்கிறது, யாருடைய கடிதம் தவறியது என்று எழுதி சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுதத் தயங்குபவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக்கொடுப்பார்கள். அவர்களுக்கு ஆசிரியர்கள் நாங்கள் உதவுவோம். நேரில் போய்ப் பேசும்போது வெறும் கோபத்தைவிட எழுதிய பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.