பேட்மேன் வாய்ப்பு கைநழுவியது... ஆஸ்கர் கைக்கு வந்தது! யார் இந்த கிலியன் மர்ஃபி?

2024 மார்ச் 10. 'ஓப்பன்ஹெய்மர்' படத்துக்காக சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது வாங்கினார் கிலியன் மர்ஃபி. அயர்லாந்தில் பிறந்த ஒருவருக்கு இந்த விருது கிடைத்தது இதுவே முதல்முறை. ஆனா, அது ஒரே நாளில் வந்த வெற்றி இல்ல.

தொடக்கம் எங்கே?

சொந்த ஊர் கார்க். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர், 1996-ல் 'டிஸ்கோ பிக்ஸ்' நாடகத்தில் நடிக்க வந்தார். 2002-ல் வெளியான '28 டேஸ் லேட்டர்' படம் அவரை உலகத்துக்குக் காட்டியது.

நோலன் கணக்கு

'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் பேட்மேன் வேடத்துக்கே ஸ்கிரீன் டெஸ்ட் கொடுத்தார். கிடைத்தது என்னவோ வில்லன் ரோல்தான். சின்ன ரோலா இருந்தாலும் நோலன் கூப்பிட்டப்போ போனார். 5 படங்களில் துணை வேடம், 6-வது படத்தில்தான் ஹீரோ!

அடுத்து என்ன செய்தார்?

ஆஸ்கருக்குப் பிறகு தியேட்டருக்கு வந்தது 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்'. கன்னியாஸ்திரிகள் நடத்திய மக்தலேன் சலவைக்கூடங்களில் பெண்களை அடைத்து, சம்பளமே இல்லாமல் வேலை வாங்கிய கொடுமையைப் பேசும் படம். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996-ல். அரசு மன்னிப்பு கேட்டது 2013-ல்.

'ஓப்பன்ஹெய்மர்' ஷூட்டிங்கிலேயே சக நடிகர் மேட் டேமனிடம் இதைச் சொல்லி, அவரையும் தயாரிப்பில் சேர்த்தார் மர்ஃபி. ஹாலிவுட்டில் கிடைத்த செல்வாக்கை, சொந்த நாடு பேசத் தயங்கிய கதைக்குப் பயன்படுத்தியதுதான் அவரோட நிஜமான வெற்றி.